காற்றுக்கு இரண்டு வேலை

வெள்ளவத்தையில் ஒரு வீட்டுக் குளியலறையிலிருந்து வெளியேறும் தண்ணீர் நெடுந்தூரம் போவதில்லை. வீதிக்கு அடியிலுள்ள குழாயில் இறங்கி, பம்பு நிலையங்களைக் கடந்து, வெள்ளவத்தைக் கரையிலிருந்து கடலுக்குள் நீளும் பெருங்குழாயில் போய்ச் சேர்கிறது. கொட்டாஞ்சேனையின் கழிவுநீர் வடக்கே திரும்பி முகத்துவாரத்துக் கடற்குழாய்க்குப் போகிறது. கொழும்பின் கழிவுநீர்க் குழாய் வலை இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆங்கிலேயர் போட்டது. கடற்குழாய்கள் இரண்டும் 1980களில் வந்தவை. கரையிலிருந்து ஒரு கிலோமீற்றருக்கும் அப்பால் கொண்டுபோய் விட்டால் மீதியைக் கடல் பார்த்துக்கொள்ளும் என்ற எண்ணத்தில் கட்டப்பட்டவை அவை. ஆசிய அபிவிருத்தி வங்கியின் உதவியோடு 2009இல் தொடங்கிய திட்டமும் முதலில் கைவைத்தது பழைய பம்பு நிலையங்களிலும் குழாய்களிலும்தான். ஆகவே பல தசாப்தங்களாக இந்த நகரத்தின் கழிவுநீருக்குச் செலவான மின்சாரத்தில் பெரும்பகுதி, அதைத் தள்ளுவதற்கான மின்சாரம். அதைச் சுத்தமாக்குவதற்கான மின்சாரக் கணக்கை நகரம் இன்னும் முழுதாகப் பார்க்கவில்லை.

அந்தக் கணக்கு ஒருநாள் வந்தே தீரும். கடல் எல்லாவற்றையும் வாங்கிக்கொள்ளும் என்று நம்பிய காலம் உலகெங்கும் முடிந்துகொண்டிருக்கிறது. வெள்ளவத்தைக் கரையில் மாலையில் நடக்கும் எவருக்கும் அது முடியவேண்டிய காரணம் தெரியும். கடலில் விடுமுன் நீரைச் சுத்திகரிப்பதென்று முடிவானால், முதலில் வரும் தடை நிலம். வழமையான நிலையத்துக்குக் காற்றூட்டும் தாங்கிகளும் வேண்டும், அவற்றின் பின்னால் சேற்றை அடியில் படியவிடும் அகன்ற வட்டத் தாங்கிகளும் வேண்டும். ஒரு பக்கம் கடலும் ரயில் பாதையும், மறுபக்கம் காலி வீதி, நடுவே தோளோடு தோள் உரசும் தொடர்மாடிகள். இந்த நெரிசலில் அத்தனை நிலத்தை எங்கே தேடுவது? கொட்டாஞ்சேனையின் ஒழுங்கைகளைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

இங்கேதான் மென்சவ்வு வருகிறது. பொறியியலாளர்கள் எம்.பி.ஆர். என்று அழைக்கும் மென்சவ்வு உயிரியல் தாங்கியில் படியவிடும் தாங்கியே கிடையாது. பற்றீரியாக்கள் கழிவைத் தின்னும் தாங்கிக்குள், அல்லது அதன் பக்கத்துத் தாங்கிக்குள், மென்சவ்வுகளை அமிழ்த்தி, நீரை மட்டும் உறிஞ்சி எடுக்கிறார்கள். சவ்வின் துளைகள் 0.4 மைக்ரோன் அல்லது அதற்கும் சிறியவை. பற்றீரியா ஏறத்தாழ ஒரு மைக்ரோன். ஆகவே சேறு உள்ளேயே நிற்க, வெளியே வரும் நீர் கண்ணாடிபோல் தெளிவாக இருக்கும். மத்திய சுற்றாடல் அதிகார சபையின் 2008 ஆம் ஆண்டு ஒழுங்குவிதிகள் உள்நாட்டு நீர்நிலைகளில் விடும் கழிவுநீருக்கு கழிவைத் தின்னப் பற்றீரியா எடுக்கும் ஒட்சிசனின் அளவு (உயிரியல் ஒட்சிசன் தேவை) லீற்றருக்கு 30 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது என்கின்றன. ஒழுங்காக ஓடும் மென்சவ்வு நிலையத்துக்கு அது ஒரு பொருட்டே அல்ல. பத்துக்குக் கீழே கொடுத்துவிடும். இடமும் வழமையான நிலையத்தில் பாதியளவு போதும்.

விலை மின்சாரத்தில் இருக்கிறது. வழமையான நிலையம் ஒரு கனமீற்றர் கழிவுநீருக்கு 0.3 முதல் 0.6 அலகு (கிலோவாட்-மணி) வரை மின்சாரம் எடுக்கும். பெரிய மென்சவ்வு நிலையங்கள் பொதுவாக 0.6 முதல் 1 அலகு வரை எடுக்கின்றன. வடிகால் எட்டாத புறநகர்களிலே தொடர்மாடிகளும் ஹோட்டல்களும் தமக்கென்று வைத்திருக்கும் சிறிய நிலையங்கள் ஒன்றரை, இரண்டு அலகைக்கூட விழுங்கும். 2022 மார்ச் இறுதியில் ஒரு நாளைக்குப் பதின்மூன்று மணி நேரம் மின்வெட்டைப் பார்த்த நாடு இது. அதே ஆண்டு ஓகஸ்டில் மின்கட்டணம் சராசரியாக 75 சதவீதமும், 2023 பெப்ரவரியில் மேலும் 66 சதவீதமும் ஏறியது. பின்னர் சில தடவை குறைந்தது உண்மைதான். ஆனாலும் மின்சாரத்தை அதிகம் தின்று ஓடும் ஒரு சுத்திகரிப்பு நிலையம் இங்கே தொடர்ந்து ஓடுமா என்ற கேள்வி அந்த ஆண்டுகளுக்குப் பிறகு வெறும் ஏட்டுக் கேள்வியாக இல்லை. நிறுத்திவைத்த நிலையம் எதையும் சுத்திகரிப்பதில்லை.

மென்சவ்வு நிலையத்தின் மின்சாரத்தில் பாதிக்கும் மேல் காற்றுக்குப் போகிறது. ஆகவே காற்றைப் பற்றித்தான் பேசவேண்டும். நான் சொல்ல வருவது இதுதான்: மென்சவ்வு நிலையத்தில் காற்றுக்கு இரண்டு வேலை. ஒன்று பற்றீரியாவுக்கு மூச்சுக் கொடுப்பது. மற்றது சவ்வின் மேல் சேறு ஒட்டாமல் உரசிக் கழுவுவது. இந்த இரண்டையும் ஒரே வேலையாக நினைத்து, இரண்டையும் மிக மோசமான நாளின் மிக மோசமான மணித்தியாலத்துக்கென்று கணக்கிட்டு, பின்பு இருபத்துநான்கு மணி நேரமும் அப்படியே ஓடவிடுவதால்தான் மின்சாரம் வீணாகிறது. புதிய இயந்திரம் வாங்குவதற்கு முன்பே குறைக்கக்கூடிய செலவு இதில் நிறைய இருக்கிறது.

இந்தக் குழப்பம் தொழில்நுட்பத்தின் பிறப்போடு வந்தது. 1960களின் இறுதியில் அமெரிக்காவின் டோர்-ஒலிவர் நிறுவனம் மென்சவ்வையும் பற்றீரியாவையும் முதன்முதலில் சேர்த்தபோது, சவ்வு தாங்கிக்கு வெளியே இருந்தது. சேறு கலந்த நீரைச் சவ்வின் மேல் வேகமாகப் பாயவிட்டு அழுக்கைத் தள்ளினார்கள். அதற்குப் பம்புகள் தின்ற மின்சாரம் தாங்கமுடியாதது. ஊர்க் கழிவுநீருக்கு அது சரிவரவில்லை. 1989இல் ஜப்பானின் கசுவோ யமமோட்டோவும் உடன் ஆய்வாளர்களும் சவ்வைத் தூக்கிக் காற்றூட்டும் தாங்கிக்குள்ளேயே அமிழ்த்தினார்கள். பற்றீரியாவுக்கென்று எப்படியும் காற்று விடுகிறோம், அந்தக் குமிழிகளே சவ்வையும் உரசிவிட்டுப் போகட்டும் என்பதுதான் அதன் அழகு. மின்சாரச் செலவு பெருமளவு விழுந்தது. ஆனால் அன்றே இரண்டு வேலையும் ஒரு காற்றுக்குள் போய் முடங்கிவிட்டன. பிற்பாடு தாங்கிகளைப் பிரித்தபோதும், இரண்டும் வெவ்வேறு வேலை என்ற நினைவு நடைமுறையில் பல இடங்களில் திரும்பவில்லை.

ஒரு தொடர்மாடியின் நிலக்கீழ்த் தளத்தில் இருக்கும் நிலையத்தைத் திறந்து பார்த்தால் இரண்டு காற்றையும் கண்ணாலேயே பிரித்தறியலாம். உயிரியல் தாங்கியின் மேற்பரப்பு மெல்லக் கொதிப்பதுபோல் சீராக நடுங்கும். அடியில் ரப்பர்த் தகட்டின் நுண்துளைகளிலிருந்து மிகச் சிறிய குமிழிகள் ஏறுகின்றன. பக்கத்துத் தாங்கியில் மேற்பரப்பு குமுறும்; கைப்பிடியளவு குமிழிகள் வெடித்து விளிம்பில் பழுப்பு நுரையைத் தெறிக்கின்றன. அந்தக் குமுறலுக்கு அடியில், இடியப்பச் சிக்கைச் செங்குத்தாகத் தொங்கவிட்டதுபோல் ஆயிரக்கணக்கான வெண்ணிறக் குழல் இழைகள் ஆடிக்கொண்டிருக்கும். சில நிலையங்களில் இழைகளுக்குப் பதில் தட்டையான தகடுகள். சுவருக்கு அப்பால், காற்றடிக்கும் புளோவர்களின் இரைச்சல். பெரும்பாலும் அங்கே இரண்டு புளோவர்கள் இருக்கும். ஒன்று ஓடும், மற்றது மாற்றுக்கு நிற்கும். ஓடும் ஒன்றிலிருந்தே குழாய் பிரிந்து இரண்டு தாங்கிக்கும் போகிறது. நடுவில் ஒரு வால்வு, நிறுவிய நாளில் திருப்பிவைத்த இடத்திலேயே துருப்பிடித்து நிற்கும்.

முதலில் மூச்சுக் காற்று. ஒரு கணக்கைக் கையில் எடுத்துக்கொள்வோம். இது காகிதக் கணக்கு, ஆனால் அளவுகள் நடைமுறையில் காண்பவை. நாளொன்றுக்கு 100 கனமீற்றர் கழிவுநீர், ஏறத்தாழ நூற்றைம்பது வீடுகள் உள்ள தொடர்மாடி. லீற்றருக்கு 250 மில்லிகிராம் உயிரியல் ஒட்சிசன் தேவை என்றால், கரிமக் கழிவை மட்டும் எரிக்க நாளுக்கு 25 கிலோவுக்குச் சற்று மேல் ஒட்சிசன் வேண்டும். சிறுநீரிலிருந்து வரும் அமோனியா தனிக்கணக்கு: அதிலுள்ள ஒரு கிராம் நைதரசனை நைத்திரேற்றாக்க 4.57 கிராம் ஒட்சிசன். நாளுக்கு நாலு கிலோ நைதரசன் வந்தால் அதற்கு மட்டும் 18 கிலோ. மொத்தம் 45 கிலோ என்று வைப்போம்.

ஒரு கனமீற்றர் காற்றில் இருக்கும் ஒட்சிசன் கால் கிலோவுக்குச் சற்று மேல். அதில் எவ்வளவு நீரில் கரைகிறது என்பதுதான் முழுக் கதையும். நல்ல தண்ணீரில் நுண்குமிழி மூன்று மீற்றர் ஏறிவருவதற்குள் தன் ஒட்சிசனில் 18 சதவீதம்போலக் கொடுத்துவிடும். கழிவுநீரில் அப்படிக் கொடுப்பதில்லை. சவர்க்காரமும் சலவைத்தூளும் குமிழியின் தோலில் போய் ஒட்டிக்கொண்டு ஒட்சிசன் கடக்கும் வழியை அடைக்கின்றன. சேறு தடித்தால் நிலைமை இன்னும் மோசம்: லீற்றருக்கு 8 கிராம் சேறு இருக்கும்போது நல்ல தண்ணீரில் கரைவதன் பாதிதான் கரையும், 15 கிராமுக்கு ஏறினால் மூன்றிலொன்றுகூடக் கரையாது. அதே ஒட்சிசனுக்கு ஒன்றரை மடங்குக்கும் மேல் காற்று தள்ளவேண்டும்.

இதில் நம்மூர்ச் சிக்கல் ஒன்று ஒளிந்திருக்கிறது. மென்சவ்வு நிலையத்தில் சேறு வெளியே தப்பாது. அதை நாமேதான் வெளியே எடுக்கவேண்டும். எடுத்தால் அதை ஏற்றிச்செல்லும் கலி பௌசருக்குக் காசு கொடுக்கவேண்டும். பௌசர்க் கூலி தொடர்மாடி முகாமைத்துவக் குழுவின் கணக்கில் தனி வரியாகத் தெரியும். புளோவர் கூடுதலாகத் தின்னும் மின்சாரம் பொதுப் பட்டியலுக்குள் கரைந்துபோகும். ஆகவே கண்ணில் படும் செலவைத் தள்ளிப்போட்டு, படாத செலவை மாதாமாதம் கட்டுகிறார்கள். சேற்றை 8 முதல் 10 கிராமுக்குள் வைத்திருக்க ஒழுங்காக வெளியேற்றுவது, மின்சாரத்தைக் குறைக்கும் வழிகளில் மிக மலிவானது. அதற்கு வேண்டியது ஓர் அளவுச் சாடியும் வாரந்தோறும் பார்க்கும் பழக்கமும்தான்.

அடுத்தது, என் கணிப்பில் கொழும்புக்கு எல்லாவற்றிலும் முக்கியமானது. தாங்கியில் கரைந்திருக்கும் ஒட்சிசனை ஒப்பரேற்றர்கள் டி.ஓ. என்பார்கள். லீற்றருக்கு 2 மில்லிகிராம் இருந்தால் பற்றீரியாவுக்குத் தாராளம். ஆனால் அளவி பழுதாகி, அல்லது இருந்தும் எவரும் பார்க்காமல், 5 மில்லிகிராமில் ஓடும் தாங்கிகள் ஏராளம். கூடினால் என்ன, கூடுதல் நல்லதுதானே என்று தோன்றும். நல்லதல்ல. நீர் தாங்கக்கூடிய உச்ச அளவுக்கும் இப்போதுள்ள அளவுக்கும் இடையிலான இடைவெளிதான் ஒட்சிசனை நீருக்குள் இழுக்கிறது. இடைவெளி சுருங்கச் சுருங்க இழுப்பும் சுருங்குகிறது. 10 பாகை செல்சியஸ் நீர் 11.3 மில்லிகிராம் தாங்கும். அங்கே டி.ஓ.வை 2இலிருந்து 5க்கு உயர்த்தினால் இடைவெளி 9.3இலிருந்து 6.3 ஆகிறது, காற்று ஒன்றரை மடங்கு வேண்டும். கொழும்பின் கழிவுநீர் 30 பாகையை ஒட்டியிருக்கும். 30 பாகை நீர் தாங்குவது ஏழரை மில்லிகிராம் மட்டுமே. இங்கே 2இலிருந்து 5க்குப் போனால் இடைவெளி 5.5இலிருந்து 2.5க்கு விழுகிறது, காற்று இரண்டு மடங்குக்கும் மேல், 2.2 மடங்கு. சூடான நீரில் ஒட்சிசன் கரையும் வேகம் கூடுவதால், டி.ஓ. தாழ இருக்கும்வரை வெப்பநாட்டுத் தாங்கி பெரிதாக நட்டப்படுவதில்லை. நட்டம் அலட்சியத்தால் வருகிறது. ஐரோப்பியக் குளிரில் பொறுத்துக்கொள்ளக்கூடிய தவறு வெள்ளவத்தையில் இரட்டிப்புக் கட்டணமாகிறது.

எங்கள் கணக்கில், டி.ஓ. 2இல் நின்றால் நுண்குமிழிக் காற்றிலுள்ள ஒட்சிசனில் ஏழு சதவீதம் கரையும் என்று எடுத்தால், நாளுக்கு 2,400 கனமீற்றர் காற்று போதும். சிறிய புளோவர் ஒரு கனமீற்றர் காற்றை மூன்று மீற்றர் ஆழத்துக்கு அழுத்த 0.02 அலகுபோல எடுக்கும். ஆக 48 அலகு. டி.ஓ. 5இல் ஓடினால் அதே வேலைக்கு 106 அலகு. தின்னும் பற்றீரியாவும் அதேதான், வெளியே வரும் நீரும் அதேதான்.

இனிக் கழுவும் காற்று. அதைப் புரிந்துகொள்ள ஏன் கழுவவேண்டும் என்பதைப் பார்க்கவேண்டும். சவ்வு நீரை உறிஞ்சும்போது அதோடு சேறும் சவ்வை நோக்கி நகர்கிறது. உறிஞ்சல் மெதுவாக இருந்தால் குமிழிகளின் உரசலும் நீரின் அசைவும் அந்தச் சேற்றைத் திருப்பி அனுப்பிவிடும். வேகம் ஒரு எல்லையைத் தாண்டினால் சேறு படையாக ஒட்டும், படை இறுகும், உறிஞ்சும் அழுத்தம் ஏறும். 1995இல் ரொபர்ட் ஃபீல்டும் உடன் ஆய்வாளர்களும் இந்த எல்லையைத் தெளிவாக வரையறுத்தார்கள். அதற்குக் கீழே ஓட்டும் சவ்வு நெடுங்காலம் அடைபடாது. அதற்கு மேலே எவ்வளவு காற்றடித்தாலும் அடைப்பைத் தள்ளிப்போடலாம், தடுக்கமுடியாது. நடைமுறையில் இதன் பொருள் பெரிது. அழுத்தம் ஏறுகிறது என்றவுடன் காற்றைக் கூட்டுவதுதான் எல்லோருடைய கையும் முதலில் போகும் இடம். பெரும்பாலும் செய்யவேண்டியது உறிஞ்சலைக் குறைப்பது, அல்லது சவ்வுக்கு இரசாயனக் கழுவல் கொடுப்பது. ஒட்டிப்போன கொழுப்பும் பசையும் குமிழிக்கு அசைவதில்லை. காலி வீதியின் உணவகங்களும் தீபாவளிக் காலத்துச் சமையலறைகளும் அனுப்பும் எண்ணெயைக் கொழுப்புத் தொட்டியிலேயே பிடிப்பது, சவ்வுத் தாங்கியில் விடும் காற்றைவிடப் பலமடங்கு பயன் தரும்.

கழுவும் காற்றைச் சவ்வின் பரப்பைக் கொண்டு அளக்கிறார்கள். சதுர மீற்றருக்கு மணிக்கு 0.3 கனமீற்றர் என்பது குறைந்த அளவு. தகட்டுச் சவ்வுகளுக்கு அதிலும் கூட. எங்கள் தொடர்மாடிக்கு உச்ச மணிநேரத்தைக் கருதி 400 சதுர மீற்றர் சவ்வு போட்டிருந்தால், மணிக்கு 120 கனமீற்றர், நாளுக்கு 2,880 கனமீற்றர் காற்று, ஏறத்தாழ 58 அலகு. அளவோடு விட்ட மூச்சுக் காற்றை இது தாண்டிவிட்டது. சுத்திகரித்த ஒவ்வொரு கனமீற்றர் நீருக்கும் 29 கனமீற்றர் கழுவும் காற்று! பெரிய நகர நிலையங்கள் பத்துப் பதினைந்தோடு சமாளிக்கின்றன.

வித்தியாசம் எங்கிருந்து வருகிறது? பெரும்பகுதி இரவிலிருந்து. தொடர்மாடியில் காலை ஐந்திலிருந்து எட்டு மணிவரை தண்ணீர் அடித்துப் பாயும், மாலையில் மறுபடி, நள்ளிரவு கடந்து நாலு மணிவரை குழாய் கிட்டத்தட்டக் காய்ந்து கிடக்கும். உறிஞ்சாத சவ்வில் சேறு சேர்வதில்லை. ஆனால் கழுவும் காற்று மட்டும் விடியும்வரை முழு வேகத்தில் குமுறிக்கொண்டிருக்கும். உறிஞ்சும் பம்பு நிற்கும்போது கழுவும் காற்றையும் நிறுத்தி, சேறு படியாமல் இடைக்கிடை சில நிமிடங்கள் மட்டும் விடும்படி நேரக்கணிப்பியை அமைத்தாலே போதும். அந்த வீண்செலவு நின்றுவிடும்.

மிச்சம் குமிழி விடும் முறையில் இருக்கிறது. தொடர்ந்து காற்று விடுவதைவிட விட்டுவிட்டு விடுவது நன்றாகக் கழுவுகிறது. சீரான குமிழியோட்டத்துக்குத் தாங்கி பழகிப்போய், நீர் ஒரே தடத்தில் சுற்றத் தொடங்கும். திடீரென்று வந்து நின்று மறுபடி வரும் குமிழிக்கூட்டம் ஒவ்வொரு முறையும் இழைகளைப் புதிதாக உலுக்குகிறது. கனடாவின் செனோன் நிறுவனம் பத்து விநாடி விட்டுப் பத்து விநாடி நிறுத்தும் முறையைக் கொண்டுவந்து கழுவும் காற்றைப் பாதியாக்கியது. பின்னர் சாதாரண ஓட்டத்தில் பத்து விநாடி விட்டு முப்பது விநாடி நிறுத்தி அதையும் பாதியாக்கியது. அண்மைக்கால வடிவங்களில் காற்றைத் தேக்கிவைத்துப் பெரிய குமிழியாக ஒரே தள்ளில் விடுகிறார்கள். தகட்டுச் சவ்வுக்காரர் வேறு வழி பிடித்தனர்: ஒரு அடுக்கின் மேல் இன்னொரு அடுக்கை வைத்து, கீழடுக்கைக் கழுவிய குமிழியே மேலடுக்கையும் கழுவும்படி செய்தார்கள்.

இதிலும் கொழும்பின் வெப்பம் நம் பக்கம் நிற்கிறது. நீரின் பாகுத்தன்மை 10 பாகையில் 1.3 மில்லிபாஸ்கல்-விநாடி, 30 பாகையில் 0.8. அதே சவ்வு, அதே அழுத்தம், ஆனால் இங்கே ஒன்றரை மடங்குக்கும் மேல் நீர் கசிகிறது. குளிர்நாட்டு மாரிகாலத்துக்கென்று எழுதப்பட்ட கையேட்டின் காற்றளவை ஆண்டு முழுவதும் வெந்நாட்டில் ஓட்டுவதற்கு நியாயம் எதுவுமில்லை. ஓட்டத்தான் செய்கிறோம், ஏனென்றால் சவ்வு விற்பவரின் உத்தரவாதப் பத்திரம் அந்தக் காற்றளவைக் கட்டாயமாக்கி வைத்திருக்கிறது. அளவைக் குறைத்து, சவ்வு ஆறு மாதத்தில் கெட்டால் பொறுப்பு ஒப்பரேற்றரின் தலையில். மின்கட்டணம் எவர் தலையிலும் இல்லை. இந்த நிலையில் வால்வைத் தொடாமல் விடும் ஒப்பரேற்றரை நான் குறைசொல்ல மாட்டேன்.

புளோவரைப் பற்றி ஒரு தவறான நம்பிக்கையையும் தீர்க்கவேண்டும். வேகத்தைப் பாதியாக்கினால் மின்சாரம் எட்டிலொன்றாகும் என்று மோட்டாரின் வேகத்தை மாற்றும் வி.எஃப்.டி. கருவியை விற்பவர்கள் சொல்வதுண்டு. குழாய் உராய்வு மட்டுமே எதிர்க்கும் மின்விசிறிக்கு அது சரி. கழிவுநீர்த் தாங்கியில் புளோவர் எதிர்த்துத் தள்ளுவது மூன்று நாலு மீற்றர் நீரின் எடையை; வேகம் குறைந்தாலும் அந்த எடை குறையாது. ஆகவே சிறிய நிலையங்களில் உள்ள ரூட்ஸ் வகைப் புளோவரில் காற்றைப் பாதியாக்கினால் மின்சாரமும் ஏறத்தாழப் பாதியாகும், அவ்வளவுதான். அது போதாதா? தாராளமாகப் போதும். எட்டிலொன்றை எதிர்பார்த்து முதலிட்டவர்தான் ஏமாறுவார். அதைவிட முக்கியம், இரண்டு வேலைக்கும் தனித்தனிப் புளோவர் வைப்பது. ஒரே புளோவர் இருக்கும்வரை இரவில் கழுவும் காற்றை நிறுத்தினால் முழுக் காற்றும் உயிரியல் தாங்கிக்குள் பாய்ந்து டி.ஓ.வை ஏற்றும், ஒரு பக்கம் மிச்சம் பிடித்ததை மறுபக்கம் கொட்டுவதாக முடியும்.

இப்போது அந்தத் தொடர்மாடியின் கணக்கை முடித்துவிடலாம். கவனிப்பாரற்று ஓடும்போது மூச்சுக் காற்றுக்கு 106, கழுவும் காற்றுக்கு 58, பம்புகளுக்கும் மற்றவற்றுக்கும் 35 என்று வைத்தால், நாளுக்கு 199 அலகு, கனமீற்றருக்கு இரண்டு. டி.ஓ.வை 2இல் நிறுத்தி, கழுவும் காற்றைப் பாதியாக்கினால் 48, 29, 35, மொத்தம் 112. மாதத்துக்கு 2,600 அலகு மிச்சம். இதற்கு ஒரு டி.ஓ. அளவி, ஒரு வி.எஃப்.டி., ஒரு நேரக்கணிப்பி, தேவையானால் இன்னொரு சிறு புளோவர். சவ்வை மாற்றத் தேவையில்லை.

நகர அளவுக்குப் போனால் வேறு கதவுகளும் திறக்கின்றன. நைத்திரேற்றிலுள்ள ஒட்சிசனைப் பற்றீரியாவே திரும்ப மூச்சாக்க முடியும். காற்றில்லாத் தாங்கி ஒன்றைக் கழிவுநீர் நுழையும் வாயிலில் வைத்து, நைத்திரேற்று நிறைந்த சேற்றை அங்கே திருப்பிவிட்டால், ஒவ்வொரு கிராம் நைதரசனுக்கும் 2.86 கிராம் ஒட்சிசன் மீளும். அமோனியாவுக்குச் செலவிட்டதில் பாதிக்கும் மேல் கைக்கு வருகிறது. ஆனால் இங்கேயும் இரண்டு காற்றும் முட்டிக்கொள்கின்றன. சவ்வுத் தாங்கியிலிருந்து திரும்பும் சேறு கழுவும் காற்றின் ஒட்சிசனைச் சுமந்துவரும். அதை நேரே காற்றில்லாத் தாங்கிக்குள் விட்டால், நைத்திரேற்றை உடைக்க வைத்திருந்த உணவை அந்த ஒட்சிசனே தின்று தீர்த்துவிடும். முதலில் காற்றூட்டும் உயிரியல் தாங்கியின் முன்பகுதிக்குக் கொண்டுபோனால் அதே ஒட்சிசன் மூச்சுக் காற்றின் பங்கைக் குறைக்கும். ஒரு குழாயை எங்கே கொண்டுபோய்ச் சேர்ப்பது என்ற வரைபட முடிவுதான். கொங்கிறீட் இறுகியபின் மாற்றுவது பெரும்பாடு.

சிங்கப்பூரைப் பார்ப்பது நமக்குப் பயன், ஏனென்றால் அங்கும் கழிவுநீர் 30 பாகையை ஒட்டியது. உலு பாண்டானில் 2006 இறுதியில் நாளுக்கு 23,000 கனமீற்றர் கொள்ளளவோடு ஒரு மாதிரி நிலையத்தைத் தொடங்கி, கனமீற்றருக்கான மின்சாரத்தை 0.6 அலகுக்குக் கீழே இறக்கினார்கள். பெரும்பாலும் காற்றளவைப் படிப்படியாகக் குறைத்து, ஒவ்வொரு படியிலும் சவ்வின் அழுத்தத்தைப் பார்த்துப் பார்த்து வந்த இறக்கம் அது. சாங்கி நிலையத்தில் இன்னொன்றைக் கண்டார்கள்: வெப்பத்திலும் குறைந்த ஒட்சிசனிலும், அமோனியாவை முழு நைத்திரேற்றாக்காமல் பாதிவழியிலேயே நைதரசன் வாயுவாக்கும் பற்றீரியாக்கள் தாமாகவே பெருகியிருந்தன. குளிர்நாடுகள் ஆய்வகத்தில் பாடுபட்டு வளர்க்கும் உயிர்கள் அவை. கொழும்பின் கழிவுநீரும் அதே வெப்பத்தில்தான் ஓடுகிறது.

கொழும்பின் இன்னொரு பெருந்தொல்லை மழை. ஒரு நூற்றாண்டைத் தாண்டிய குழாய்களின் இணைப்புகள் வழியாகவும், கூரைத் தண்ணீரைக் களவாக வடிகாலில் கோத்தவர்களின் புண்ணியத்திலும், வைகாசி மழையிலும் ஐப்பசி மழையிலும் கழிவுநீரின் அளவு பெருகும். சவ்வு விட்டுக்கொடுக்காது, ஒரு சதுர மீற்றர் விடும் நீருக்கு ஓர் எல்லை உண்டு. மழை உச்சத்துக்குச் சவ்வு போட்டால், ஆண்டின் பெரும்பகுதியில் தேவையற்ற பரப்பையெல்லாம் காற்றடித்துக் கழுவிக்கொண்டிருக்கவேண்டும். ஆகவே மழைநீர் புகுவதை அடைப்பதும், அன்றாட ஓட்டத்தைச் சவ்வுக்கும் மழைப் பெருக்கை எளிய பக்கவழிச் சுத்திகரிப்புக்கும் பிரித்து அனுப்புவதும் மின்சாரச் சிக்கன வேலைகளே. குழாய் திருத்தும் தொழிலாளி ஓர் இணைப்பை இறுக்கும்போது எங்கோ ஒரு புளோவரின் சுமை குறைகிறது.

இவை எல்லாம் கேள்விப்பத்திரத்தில் தொடங்கவேண்டும். நிலையம் கட்டக் கேட்கும்போது கொள்ளளவையும் வெளிவரும் நீரின் தரத்தையும் மட்டும் எழுதி, விலை குறைந்தவருக்குக் கொடுத்தால், குறைந்த விலையின் மீதியை முப்பது ஆண்டு மின்பட்டியலில் நகரம் கட்டும். மாநகர சபையும் தேசிய நீர் வழங்கல் வடிகாலமைப்புச் சபையும் கேட்கவேண்டியவை குறிப்பானவை. 30 பாகை நீரில், சராசரி ஓட்டத்திலும் இரவின் குறைந்த ஓட்டத்திலும், கனமீற்றருக்கு எத்தனை அலகு என்ற உத்தரவாதம். அது தவறினால் தண்டம். கழுவும் காற்றுக்கும் மூச்சுக் காற்றுக்கும் தனிப் புளோவர், தனிக் காற்றளவி, தனி மின்மானி. காற்றளவைக் குறைத்துப் பார்க்க இடங்கொடுக்கும் சவ்வு உத்தரவாதம். டி.ஓ. அளவியைத் துடைக்கவும் சரிபார்க்கவும் சம்பளத்தோடு ஓர் ஆள். தொடர்மாடியின் முகாமைத்துவக் குழு கேட்கவேண்டியதும் இதேதான், சிறிய அளவில். அவர்கள் அடுத்த மாதமே தொடங்கலாம், முதல் வேலையாகப் புளோவர் அறைக்கு ஒரு தனி மின்மானி பூட்டலாம்.